மாடு புல் தின்றுகொண்டிருந்தது: மிருக வைத்திய இறுதிப் பரீட்சையில் விழுந்து எழும்பிய கதை

மறுபரீட்சைப் பெறுபேறு போன வெள்ளிக்கிழமை வந்தது. சித்தியடைந்துவிட்டேன். ஒட்டுசுட்டான் தான்தோன்றீஸ்வரர் கோயிலில் அம்மா நேர்த்தி வைத்திருந்தார் என்பது அதற்குப் பிறகுதான் எனக்குத் தெரியவந்தது. கூடப் படித்தவர்கள் பதிவெண் வாங்கி வேலைக்கு விண்ணப்பித்து மாதங்கள் ஆகிவிட்டன. நான் இப்போதுதான் படிவம் நிரப்புகிறேன். அந்தக் கசப்பு இதில் அங்கங்கே எட்டிப் பார்க்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வன்னியில் இருந்து பேராதனைக்கு மிருக வைத்தியம் படிக்கப் போன, இனிப் போகப்போகிற தம்பி தங்கைகளுக்காக எழுதுகிறேன். கிளிநொச்சியோ முல்லைத்தீவோ, மன்னாரோ வவுனியாவோ, இந்த நாட்டில் மிருக வைத்தியராக வேண்டுமென்றால் பட்டம் தரும் பீடம் அங்கே ஒன்றுதான் இருக்கிறது. பாடங்கள், வினாத்தாள் அமைப்பு, எந்தப் பிரிவில் எத்தனை வாரம் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன். நான் எங்கே விழுந்தேன் என்பதை மட்டும் விரிவாகச் சொல்கிறேன்.

பெரிய கால்நடைகளுக்கான செய்முறைப் பரீட்சை அது. எனக்குக் கிடைத்தது கண்டிப் பக்கத்தில் ஒரு மலைச்சரிவில் இருந்த சிறு பண்ணை. முந்தின இரவெல்லாம் மழை. தகரக் கூரைக்குக் கீழே ஒரு ஃபிரீசியன் கலப்புப் பசு படுத்திருந்தது. பெரிய மடி. எழுப்பிப் பார்த்தார்கள், எழவில்லை. பக்கத்தில் அதன் சொந்தக்காரர், தொப்பியைக் கையில் பிடித்தபடி நின்றார். பரீட்சகர்கள் இருவர். எனக்கு அரை மணி நேரம்.

பத்து விநாடியில் மனம் தீர்ப்பு எழுதிவிட்டது: பால் காய்ச்சல், அதாவது இரத்தத்தில் கல்சியம் குறைந்து மாடு விழும் நோய். பால் மாடு, பெரிய மடி, படுக்கை. வேறென்ன வேண்டும்? அதற்குப் பிறகு வெப்பமானி வைத்தேன், இதயத்தைக் கேட்டேன், இடது விலாவில் கையை அழுத்தி ரூமன், அதாவது மாட்டின் முதல் இரைப்பை, அசைகிறதா என்று பார்த்தேன். எல்லாம் கணக்குக்குச் செய்தது. ரூமன் நன்றாகவே அசைந்தது. அது என் கைக்குத் தெரிந்தது, மண்டைக்கு ஏறவில்லை.

சொந்தக்காரரிடம் ஒரு கேள்விகூட நான் கேட்கவில்லை. காரணம் வெட்கம். அத்தனை வருடம் பேராதனையில் இருந்தும் எனக்குச் சிங்களம் வாயில் வரவில்லை. விடுதியில் தமிழ், வகுப்பில் ஆங்கிலம், கடையில் கைவிரல். இப்படியே காலத்தை ஓட்டியிருந்தேன். சிகிச்சைப் பிரிவுகளில் எங்கள் குழுவில் இருந்த சிங்கள நண்பர்கள் கேட்பார்கள், நான் எழுதிக்கொள்வேன். பரீட்சையன்று நண்பர்கள் இல்லை.

எழுந்து நின்று அழகான ஆங்கிலத்தில் ஒப்புவித்தேன். கல்சியம் போரோகுளுகோனேட், இரத்த நாளம் வழியாக, மெதுவாக, இதயத்தைக் கேட்டுக்கொண்டே. போத்தலை உடற்சூட்டுக்குக் கொண்டுவர வேண்டும் என்பதையும் விடவில்லை. மூத்த பரீட்சகர் கேட்டார்: "எப்போது கன்று ஈன்றது?"

எனக்குத் தெரியாது. அவரே அந்த மனிதரிடம் சிங்களத்தில் கேட்டார். இன்னும் ஈனவில்லை, ஏழு மாதச் சினை, முந்தாநாள் சரிவில் சறுக்கி விழுந்தது, அதிலிருந்து எழும்பவில்லை, மற்றபடி தின்கிறது, குடிக்கிறது என்று பதில் வந்தது. அந்த நேரத்திலும் மாடு முன்னால் கிடந்த புல்லை இழுத்து மென்றுகொண்டிருந்தது. நான் கல்சியம் கல்சியம் என்று சொன்னபோதும் மென்றுகொண்டுதான் இருந்தது. பால் காய்ச்சலில் விழுந்த மாடு கழுத்தை விலாப் பக்கம் மடித்துக்கொண்டு, காது சில்லிட்டு, ரூமன் நின்றுபோய்க் கிடக்கும். பெரும்பாலும் ஈன்ற முதல் இரண்டு மூன்று நாளுக்குள் வரும். இரண்டாம் கேள்வியே தேவைப்படாத விடயம்.

அதோடு எல்லாம் குலைந்துபோயிற்று. பசுவின் சினைக்காலம் எத்தனை நாள் என்று கேட்டார்கள். என்னைக் காப்பாற்றத்தான் கேட்டிருக்க வேண்டும். நான் 238 என்றேன். 283 என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். புறப்படும்போது தொப்பிக்காரர் எனக்கு ஆறுதலாக ஏதோ சொன்னார். அதுவும் விளங்கவில்லை.

ஆகவே என்னுடைய முதல் அறிவுரை, இரண்டாவது அறிவுரை, மூன்றாவது அறிவுரை எல்லாம் ஒன்றுதான்: மாட்டைத் தொடுவதற்கு முன் ஆளிடம் கேளுங்கள். அவருடைய மொழியில் கேளுங்கள். பிழையாகக் கேட்டாலும் பரவாயில்லை.

மறுபரீட்சைக்கு நான் எழுதிவைத்த ஐந்து கேள்விகள் இவை. தமிழ் எழுத்தில்தான் எழுதியிருந்தேன், அப்படியே தருகிறேன்.

1. கவதா இந்தன்த? எப்போதிருந்து?
2. கனவாத? தின்கிறதா?
3. வெதுவே கவதாத? ஈன்றது எப்போது?
4. பெஹெத் துன்னாத? மருந்து ஏதும் கொடுத்தீர்களா?
5. அனித் சத்துன்டத் மெஹெமத? மற்ற மாடுகளுக்கும் இப்படியா?

நாலாவதை ஒருபோதும் விடாதீர்கள். நீங்கள் வருமுன் யாரோ ஒருவர் ஏதோ ஊசி போட்டிருப்பார், அது உங்களுக்குத் தெரியாமல் நீங்கள் இன்னொன்று போடுவீர்கள்.

சரி, கேள்வி கேட்டாயிற்று, பதில் எப்படி விளங்கும்? எனக்கு வழி காட்டியவர் விடுதிக்குப் பக்கத்தில் சிற்றுண்டிச்சாலை நடத்திய ஓர் அம்மா. அவரிடம் ஒரு நாய் இருந்தது. கிழட்டு நாய், ஒரு நோயும் இல்லை. மாலையில் தேநீர் குடிக்கப் போகும்போதெல்லாம் கொப்பியைத் திறந்து அந்த ஐந்து கேள்விகளையும் கேட்பேன். முதல் நாள் என் உச்சரிப்பைக் கேட்டு அடுப்படியில் நின்றவர்கள் எல்லாம் வெளியே வந்து சிரித்தார்கள். தமிழில் எழுதினால் ஒரே 'த'வை எங்கே வன்மையாக, எங்கே மென்மையாக ஒலிப்பது என்று நாக்கு தடுமாறும், அதுதான் காரணம். நாலாம் நாளில் இருந்து அந்த அம்மா நோய்களைத் தானே கற்பனை செய்து சொல்லத் தொடங்கினார். நாய் மூன்று நாளாகச் சாப்பிடவில்லை, நேற்று வாந்தி, பக்கத்து வீட்டுக்காரன் எலி மருந்து வைத்தான் என்று கதை வளரும். நாய் அவர் காலடியில் பாண் துண்டை மென்றுகொண்டிருக்கும். ஆறு வாரம் இப்படிப் போயிற்று. நான் படித்த எந்த விரிவுரைக் குறிப்பும் எனக்கு இந்த அளவுக்கு உதவவில்லை. மிகைப்படுத்துகிறேன் என்று சொல்வீர்கள். விழுந்தவர் நான்தானே.

மறுபரீட்சையில் எனக்குக் கிடைத்தது ஆடு. இரண்டு ஈன்று ஒன்பது நாள், இளங்கொடி விழவில்லையா என்று கேட்டேன், விழுந்தது என்றார்கள். மடியைப் பார்த்தேன், ஒரு பக்கம் கல் போல, மடியழற்சி. அதை விவரிக்கத் தேவையில்லை. இருபது நிமிடத்தில் முடிந்தது.

மற்ற விடயங்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன்.

நித்திரையில் எழுப்பிக் கேட்டாலும் வரவேண்டிய எண்கள்:

– சினைக்காலம்: பசு 283 நாள், எருமை 310 அளவில், ஆடு 150, பன்றி 114, நாய் 63. என்னைப் போல எண்களைப் புரட்டிச் சொல்லாதீர்கள்.
– பசுவின் உடல் வெப்பம் 38 முதல் 39.3 பாகை செல்சியஸ் வரை. வெயிலில் கட்டியிருந்த மாடு, ஓடி வந்த மாடு இதற்கு மேலே காட்டும். அதைக் காய்ச்சல் என்று சொல்லிவிடாதீர்கள்.
– ரூமன் அசைவு நிமிடத்துக்கு ஒன்றிலிருந்து இரண்டு. கையை வைத்து முழுதாக இரண்டு நிமிடம் நில்லுங்கள். பரீட்சகர் நிற்பதைப் பார்க்கிறார்.
– சைலசின் என்ற மயக்க மருந்து: குதிரைக்குப் போடும் அளவில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு மாட்டுக்குப் போதும். ஒவ்வொரு வருடமும் வாய்மொழிப் பரீட்சையில் இதில் யாராவது சறுக்குகிறார்.
– பூனைக்குப் பரசிட்டமோல் கொடுக்கக் கூடாது. கால் மாத்திரையும் கூடாது.
– கருச்சிதைவை உண்டாக்கும் புருசெல்லா கிருமிக்கு எதிரான எஸ்19 தடுப்பூசி இளம் பெண் கன்றுகளுக்கு மட்டும். உயிருள்ள கிருமி அது, உங்கள் விரலில் குத்திக்கொண்டால் உங்களுக்கும் நோய்.

குழுவாகப் படிப்பது பற்றி எல்லோரும் நல்லதாகவே சொல்வார்கள். எனக்கு அது ஒத்துவரவில்லை. ஆறு பேர் சேர்ந்தால் நாலு பேர் கேட்பவர்கள், ஒருவர் பேசுபவர், ஒருவர் தேநீர் போடுபவர். நான் ஐந்தரை வருடமும் தேநீர் போட்டேன். அதிகாலை நாலு மணிக்கு எழுந்து, தனியாக, சுவரைப் பார்த்து உரக்கச் சொல்லிப் படித்ததுதான் எனக்கு நின்றது. உங்களுக்குக் குழுப் படிப்பு சரிவந்தால் என்னைக் கவனிக்க வேண்டாம்.

இன்னொன்று. "மாவட்ட அடிப்படையில் வந்தவர்கள்" என்ற பேச்சு உங்கள் காதில் விழும். சிலர் நேரே சொல்வார்கள், சிலர் சிரித்துக்கொண்டு சொல்வார்கள். பல்கலைக்கழக அனுமதியில் மாவட்ட ஒதுக்கீடு இருப்பது எல்லோருக்கும் தெரிந்த விதி, களவு ஒன்றுமில்லை. உள்ளே வந்த பிறகு எல்லோருக்கும் ஒரே வினாத்தாள்தான். முதல் வருடம் இந்தப் பேச்சுக்காகவே நான் வகுப்பில் வாய் திறக்காமல் இருந்தேன். பிழையாகச் சொன்னால் "பார், வன்னிப் பிள்ளை" என்பார்களே என்று. கடைசியில் அந்த ஊமைத்தனம்தான் மலைச்சரிவில் என் காலை வாரியது.

கேள்வி கேட்காமல் விழக்கூடிய குழிகள் இன்னும் சில. இவை பரீட்சைக்கும் வேண்டும், வன்னியில் வேலை செய்யவும் வேண்டும்.

மாடு வாயில் நுரை தள்ளிக்கொண்டு, தண்ணீர் விழுங்க முடியாமல், கட்டைக் குரலில் கத்துகிறது. "தொண்டையில் ஏதோ சிக்கிவிட்டது பிள்ளை, கையை விட்டுப் பாருங்கள்" என்பார்கள். விடாதீர்கள். முதலில் கேளுங்கள்: நாய் கடித்ததா, கடந்த சில மாதத்தில் பட்டிப் பக்கம் நாய், நரி ஏதும் வந்ததா? விசர்நோய் பிடித்த மாடு சரியாக இப்படித்தான் வரும். முன்கூட்டியே போடவேண்டிய விசர்நோய்த் தடுப்பூசியைப் போட்டுக்கொண்டு சிகிச்சைப் பிரிவுக்குள் காலை வையுங்கள்.

மாட்டின் சிறுநீர் கோப்பி நிறம். கேள்வி: எங்கே வாங்கினீர்கள், எத்தனை நாள் ஆயிற்று? உண்ணி இல்லாத இடத்தில் வளர்ந்த கலப்பினப் பசுவை வன்னிக்குக் கொண்டுவந்து காட்டோரம் கட்டினால், உண்ணிக் காய்ச்சல் வந்து சேரும். நாட்டு மாட்டுக்குச் சிறு வயதிலேயே பழகிப்போயிருக்கும், அதனால் பக்கத்துப் பட்டி சுகமாக நிற்கும். "மற்ற மாடுகளுக்கும் இப்படியா" என்ற ஐந்தாம் கேள்வி இங்கேதான் திறப்பு.

ஆடு மூச்சு வாங்கி விழுகிறது, கண்ணிமையின் உட்பக்கம் வழமையைவிடச் சிவப்பு. மரவள்ளி இலை தின்றதா? சயனைட்டு நஞ்சு ஏறினால் இரத்தம் ஒட்சிசனைச் சுமந்துகொண்டே திரியும், உடல் எடுத்துக்கொள்ளாது. அதனால்தான் சிவப்பு. மருந்து இருக்கிறது, ஆனால் நேரம் மிகக் குறைவு.

மழை தொடங்கும் காலம், எருமை தொண்டை வீங்கி, எச்சில் வடிந்து, ஒரு நாளுக்குள் சாகிறது. தொண்டையடைப்பான். எருமைக்கு மாட்டைவிட எளிதில் பிடிக்கும். தடுப்பூசி போட்டீர்களா, எப்போது போட்டீர்கள்? போட்டோம் என்றால் எந்த மாதம் என்று கேளுங்கள். "போட்டோம்" என்பது மூன்று வருடத்துக்கு முந்தியதாகவும் இருக்கும்.

விடுமுறைக்கு ஊருக்கு வரும்போது கோயில், கலியாணம், கடல் எல்லாம் பார்த்துவிட்டு, இரண்டு வாரமாவது உங்கள் பகுதி அரச கால்நடை வைத்திய அலுவலகத்தில் போய் நில்லுங்கள். வைத்தியரிடம் அனுமதி கேட்டால் பெரும்பாலும் மறுக்கமாட்டார்கள். வைத்தியரோடு போவதைவிட, மோட்டார் சைக்கிளில் ஊர் ஊராகப் போகும் கால்நடை அபிவிருத்திப் போதனாசிரியரோடு போனால் அதிகம் படிக்கலாம். எந்தப் பட்டி எங்கே நிற்கிறது, யாருடைய நாம்பன் யாருடைய வேலியை உடைத்தது என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. கயிறு போடப் பழகுங்கள். பேராதனையில் இரும்புக் கூண்டுக்குள் நிற்கும் மாட்டைப் பரிசோதித்துப் பழகியவருக்கு, மனிதக் கை படாத பட்டி மாடு ஒரு புது விலங்கு.

வன்னிப் பட்டியில் என் ஐந்து கேள்விகளுக்கும் ஒரு திருத்தம் வேண்டும். இங்கே மாட்டின் சொந்தக்காரர் பட்டணத்தில் கடை வைத்திருப்பார். குறி மட்டும் அவருடையது. மாடு எப்போது தின்னாமல் விட்டது, எந்தக் குளத்தில் தண்ணீர் குடித்தது என்பது மேய்ப்பவருக்குத்தான் தெரியும். அவர் ஒதுங்கி மரத்தடியில் நிற்பார், சொந்தக்காரர் முன்னால் நின்று நூறு கதை சொல்வார். நீங்கள் மரத்தடிக்குப் போங்கள். நெல் விதைத்த காலத்தில் மாடுகளைக் காட்டுப் பக்கம் கலைத்துக்கொண்டு போவதும், மேய்ச்சல் தரை இல்லாமல் அலைவதும், அறுவடைக்குப் பிறகு வயலுக்குள் திரும்புவதும் அவருடைய நாட்காட்டி. அந்த நாட்காட்டி தெரிந்தால் பாதி நோய்களின் காலம் தெரிந்துவிடும்.

2022 டிசம்பரில், மாண்டஸ் புயல் கரையைக் கடந்த நாட்களில், வடக்கிலும் கிழக்கிலும் மாடுகளும் ஆடுகளும் கூட்டம் கூட்டமாகச் செத்ததை மறந்திருக்கமாட்டீர்கள். அப்போது நான் இரண்டாம் வருடம், வீட்டில் நின்றேன். எங்கள் ஒழுங்கைக்குப் பின்னால் வெளியில் கிடந்த உடல்களை எண்ணுவதை அம்மா நிறுத்தச் சொன்னார். ஊரில் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். நஞ்சு என்றார்கள், புதுக் கிருமி என்றார்கள். இரண்டு வருடத்துக்கு முன், 2020இல், தோலில் கட்டி கட்டியாக எழும்பும் லம்பி நோய் இந்த நாட்டில் முதன்முதலாக வடக்கில்தான் காணப்பட்டது, அந்தப் பயம் இன்னும் ஆறியிருக்கவில்லை. அதிகாரிகள் வந்து மாதிரி எடுத்துப் போனார்கள். கடைசியில் குளிர் அதிர்ச்சி என்று அறிவித்தார்கள். ஆனால் ஒரு மேய்ப்பவர் அதற்கு முன்பே எங்கள் படலையில் நின்று சொன்னார்: இரவு முழுக்க மழையும் காற்றும், ஒதுங்க மரமில்லை, வயிறு வெறும், கன்றுகளும் கிழடுகளும் முதலில் விழுந்தன, கொட்டிலுக்குள் நின்றவை தப்பின. முழு நோய் வரலாறும் அந்த நாலு வரியில் இருந்தது. நான் அதை எழுதி வைக்கவில்லை. எழுதி வைத்துப் பழகியிருந்தால் மலைச்சரிவில் அந்தத் தொப்பிக்காரரிடம் வாயைத் திறந்திருப்பேனோ என்று இப்போது நினைக்கிறேன்.

பட்டத்துக்குப் பிறகு என்ன என்று கேட்டு எனக்கு வரும் தொலைபேசி அழைப்புகள்தான் இப்போது அதிகம். சுருக்கமாக:

– இலங்கை மிருக வைத்திய சபையில் பதிவு செய்யாமல் ஒரு ஊசியும் போடாதீர்கள். 1956ஆம் ஆண்டுச் சட்டம் அது. பட்டச் சான்றிதழ் போதும் என்று நினைத்துக்கொண்டு ஊரில் வைத்தியம் தொடங்கிவிடாதீர்கள்.
– மாகாணத் திணைக்கள வேலைக்கு நேர்முகத்துக்குப் போகிறவர்கள் சட்டத்தைப் படியுங்கள். 1958ஆம் ஆண்டு 29ஆம் இலக்க விலங்குகள் சட்டம், 1992ஆம் ஆண்டு 59ஆம் இலக்க விலங்கு நோய்கள் சட்டம், 1893இல் இருந்து இருக்கும் விசர்நோய்க் கட்டளைச் சட்டம். படிக்கும்போது இவை தூக்கம் வரவழைக்கும். வன்னியில் மாடு களவு போவதும், அனுமதிப்பத்திரம் இல்லாமல் லொறியில் ஏற்றுவதும் அன்றாடக் கதை. காலை ஏழு மணிக்கு உங்கள் மேசையில் வந்து நிற்கப்போவது நோயாளி மாடாக இராது, அதன் கடதாசியாகத்தான் இருக்கும்.
– யானை பார்க்க வேண்டுமென்றால் வனசீவராசிகள் திணைக்களம். வேலை சிலருக்குத்தான் கிடைக்கும். ஆசைப்படுவது நூறு பேர். வெடி கடித்து வாய் சிதைந்த யானையைப் படத்தில் பார்த்து ஆசைப்படுவதும், நேரில் நின்று சிகிச்சை செய்வதும் வேறு வேறு.
– கோழித்தீவன, மருந்து நிறுவனங்களில் சம்பளம் நல்லது. மடிக்கணினியும் வாகனமும் தருவார்கள். நான் போகமாட்டேன், எனக்குக் கோழி பிடிக்காது. நீங்கள் போகலாம்.
– வெளிநாடு போகிறவர்களுக்குத் தனிப் பரீட்சைகள் உண்டு. பிரித்தானியாவுக்கு ஒன்று, அவுஸ்திரேலியா நியூசிலாந்துக்கு ஒன்று. அதை எழுதியவர்களிடம் கேளுங்கள்.
– கிளிநொச்சி அறிவியல் நகரில் விவசாயபீடத்தில் விலங்கு விஞ்ஞானம் படிப்பவர்களை "நீங்களும் மாட்டு டொக்டரா" என்று கேட்டுச் சங்கடப்படுத்தாதீர்கள். அது வேறு பட்டம். தீவனம், இனவிருத்தி, பண்ணை முகாமைத்துவம் பற்றி அவர்களுக்கு நம்மைவிட அதிகம் தெரியும். நண்பர்களாக்கிக்கொள்ளுங்கள்.

பெறுபேறு வந்த மறுநாள் காலை, பல் துலக்கக்கூட இல்லை, எங்கள் ஒழுங்கையில் இருக்கும் மாமி ஒருவர் மறி ஆட்டைச் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்துவிட்டார். வயிறு ஊதி, பல்லை நெறுமிக்கொண்டு, தலை தொங்கி நின்றது. சாணி தண்ணீராகப் போயிருந்தது. மாமிக்குப் பின்னால் அவருடைய பேரன், ஏழு வயது.

"என்ன தின்றது மாமி?"

"ஒன்றும் தின்னவில்லை பிள்ளை. கட்டியே வைத்திருந்தோம்."

"எப்போதிருந்து?"

"நேற்றுப் பின்னேரம். ஒன்றும் தின்னவில்லை என்று சொன்னேனே."

வயிற்றைத் தட்டினால் உள்ளே தண்ணீர் சலசலத்தது. தின்னாத ஆட்டுக்கு இப்படி வராது. மாமி இரண்டாம் தரமும் மறுத்தார். நான் பேரனைப் பார்த்தேன். அவன் மாமியைப் பார்த்தான். பிறகு மெதுவாகச் சொன்னான்: "பக்கத்து வீட்டு ஆச்சி அவித்துப் பாயில் காயப்போட்ட நெல்."

மாமி அவன் தலையில் ஒரு குட்டு வைத்தார். இரண்டு வீட்டுக்கும் வேலித் தகராறு போன வருடத்தில் இருந்து நடக்கிறது. ஆடு நெல்லைத் தின்றது என்று வாயால் ஒப்புக்கொண்டால் காசு கொடுக்க வேண்டும், அதுதான் விடயம். எனக்கு இன்னும் பதிவெண் இல்லை. அரச வைத்தியருக்குத் தொலைபேசி எடுத்துச் சொன்னேன். தானியம் அதிகம் தின்று ரூமன் புளித்திருக்கிறது என்றதும், தான் வரும்வரை என்ன செய்ய வேண்டும் என்று சொன்னார். தீனை நிறுத்தி, அப்பச்சோடாவைத் தண்ணீரில் கரைத்து, புரையேறாமல் மெதுவாகப் பருக்கினேன். பதினொரு மணிக்கு அவர் வந்து மிச்சத்தைப் பார்த்தார். அடுத்த நாள் ஆடு எழுந்து நின்றது, மூன்றாம் நாள் இரை மீட்டது.

நாலாம் நாள் பக்கத்து வீட்டு ஆச்சி வந்தார், நெல்லின் காசு கேட்டு. மாமியிடம் கேட்டால் கிடைக்காது என்று தெரிந்து என்னிடம் வந்தார். ஆடு நெல் தின்றது என்று டொக்டரே சொல்லியிருக்கிறார் என்று ஊரெல்லாம் தெரிந்துவிட்டதாம்.